வாத்து பேசிய பின்னறை

மொட்டை மாடியில் ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனையைக் கம்பியில் போட்டுவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. சனிக்கிழமை. காலை பத்து மணி கழிந்திருக்கும். வெள்ளவத்தை வெயிலும் கடற்காற்றும் சேர்ந்தால் அரை மணித்தியாலத்தில் துணி காய்ந்து, உப்பும் பிடித்துவிடும். அதற்குள் மற்ற வாளித் துணியையும் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன்.

பின்லாந்திலிருந்து ஒருவர் மெசேஜ் அனுப்பியிருந்தார். "உன் பின்னறையைப் பிடித்துவிட்டேன், கௌரி! அந்த வாத்து என்ன சொல்கிறது?" கூடவே ஒரு படம்.

படத்தில் நான் கீறிய மொட்டைத்தலை வாத்து நின்றது. அதன் தலைக்கு மேல் தமிழ் எழுத்து. சோப்பு நுரை காயாத விரலால் படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன்.

"தங்கச்சி, இடது கண் போச்சு எண்டு டொக்டர் சொல்லிட்டார்."

ஐயோ என்று கத்தினேன். விரிப்பு தரையில் விழுந்து அழுக்காகியது. பக்கத்து வீட்டுக்காரர் மாடிக் கதவால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, கரண்ட் அடிச்சதோ?" என்று கேட்டார். நான் படிகளில் ஓடினேன்.

நாங்கள் என்ன கூட்டம்

போன கிழமை இந்தப் பத்தியில் என் வேலையிடத்துச் சண்டையை எழுதியபோது, வீட்டுக்கு வந்து கணினியில் விளையாட்டுச் செய்வேன் என்று ஒரு வரி போட்டிருந்தேன். நாற்பது தாண்டிய ஒரு பொம்பிளை, கட்டட வரைபடம் கீறிச் சம்பளம் எடுக்கிறவள், விளையாட்டுச் செய்கிறாளாம் என்று ஒரு வாசகர் நையாண்டியாக எழுதியிருந்தார். ஓம் ஐயா, செய்கிறேன்.

சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு அல்ல. திரையில் ஒரு இடம் தெரியும். அதில் ஒரு ஆள் நிற்பார். அவரை நடத்திப்போய் மேசை லாச்சியை இழுத்து, உள்ளே கிடக்கும் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து, காவலாளியோடு கதைத்து, புதிரை அவிழ்த்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் கடைகளில் பெட்டி பெட்டியாக விற்ற வகை. இப்போது பெரிய கம்பனிகள் கைவிட்டுவிட்டன. அதனால் நாங்கள் சும்மா செய்து சும்மா கொடுக்கிறோம்.

நாங்கள் என்றால் இணையத்தில் கூடுகிற கொஞ்சப் பேர். பாடசாலை பஸ் ஓட்டுகிறவர் இருக்கிறார், பல் டொக்டர் இருக்கிறார், இந்தப் பின்லாந்துக்காரர் தேனீ வளர்க்கிறார். இடைக்கிடை ஒரு தலைப்புத் தருவார்கள். இரண்டு கிழமைக்குள் ஒரு சின்ன விளையாட்டைச் செய்து போட வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. ஆனால் அதற்காக நாங்கள் அடிபடுகிற அடிபாட்டைப் பார்த்தால் காணி வழக்கு என்று நினைப்பீர்கள்.

அந்தக் கூட்டத்தில் தமிழர் இரண்டே பேர். ஒன்று நான். மற்றது கொட்டாஞ்சேனையில் இருக்கும் சேவியர் அண்ணை. கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க். நாங்கள் இருவரும் சேர்ந்து, மாதக்கணக்கில் நேரமெடுத்துப் பெரிய விளையாட்டுகளும் செய்வோம்: நான் கதையும் புதிரும் எழுதுவேன், அவர் இடங்களைக் கீறுவார். கணினித் திரையில் புள்ளி புள்ளியாக வைத்துக் கீறுகிற பழைய முறை. நான்கு வருடம் ஒன்றாக வேலை செய்தும் நாங்கள் நேரில் சந்தித்ததில்லை. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் சமுத்திரமா கிடக்கிறது? இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரு முறை பென்சிலால் கீறிய கடதாசிக் கட்டொன்றைத் தபாலில் அனுப்பியிருந்தார். அந்த உறையின் பின்னால் இருந்த விலாசத்தைத்தான் அந்தச் சனிக்கிழமை மேசை லாச்சியைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன்.

பின்னறை வேட்டை

இந்த விளையாட்டுச் செய்கிற எல்லோரிடமும் ஒரு பின்னறை இருக்கும். கதையில் வராத அறை. ஆட்கள் சரியாக நடக்கிறார்களா, எழுத்து சரியாக விழுகிறதா என்று சோதிக்க நாங்கள் வைத்திருக்கும் இடம். அங்கே ஒழுங்கு மரியாதை ஒன்றும் இராது. ஒருவரின் பின்னறையில் முழுவதும் வாழைப்பழம். இன்னொருவரின் பின்னறையில் அவருடைய மேலதிகாரி தலைகீழாகத் தொங்குகிறார்.

இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் எந்த அறைக்குள்ளும் நேரே பாயலாம். செய்கிறவரின் வசதிக்கான குறுக்குவழி அது. விளையாட்டை ஊருக்கு விடுமுன் அதை மூடிவிட வேண்டும். ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்தால் சரி. மறக்கிறவர்கள் மறப்பார்கள்.

அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். புது விளையாட்டு வந்ததும் பழைய ஆட்கள் கதையைத் தொடவே மாட்டார்கள். முதலில் அந்த இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பார்ப்பார்கள். வழி திறந்தால் உள்ளே போய்ப் படம் பிடித்துப் பொதுவில் போட்டுக் கெக்கட்டமிட்டுச் சிரிப்பார்கள். அந்த வேட்டையில் பேர்பெற்ற ஆள் நான்தான். பல் டொக்டரை மூன்று தரம் பிடித்து மானத்தை வாங்கியிருக்கிறேன். "வெளிக்கிட முதல் கதவைப் பூட்டத் தெரியாதா?" என்று அவருக்குப் பாடம் வேறு எடுத்தேன். ஊருக்கடி உபதேசம், உனக்கில்லையடி கண்ணே.

இனி அந்த வாத்து. எங்கள் மென்பொருள் பழசு. தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய் நிற்கும். இந்த முறை எப்படியும் தமிழில் விடுவது என்று பிடிவாதமாக நின்று, பழைய எழுத்துரு ஒன்றைப் பொருத்தினேன். வரிகள் எங்கே உடைகின்றன என்று பார்க்க நீளமான ஒரு தமிழ்ப் பந்தி தேவைப்பட்டது. கூட்டத்தில் எழுதுவதெல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில்தான்; சேவியர் அண்ணையும் நானும் தமிழில் எழுதுவதும் ஒரு வரி, இரண்டு வரிதான். நீளமான தமிழ் என்று கைக்கு அகப்பட்டது சேவியர் அண்ணை எனக்குத் தனியாக எழுதிய ஒரு மெசேஜ். அதை வெட்டி வாத்தின் வாயில் ஒட்டினேன். ஒரு நிமிட வேலை. அந்த நேரம் அது எனக்கு ஒரு மனிதர் எழுதியதாகவே படவில்லை. நீளம் போதும் என்றுதான் பட்டது. வெள்ளிக்கிழமை இரவு விளையாட்டை ஊருக்கு விட்டபோது வாத்தையும் அழிக்கவில்லை, வழியையும் மூடவில்லை.

அந்த மெசேஜ்

அவர் அதை எழுதியதற்குக் காரணமும் என் வாய்தான்.

முன்பெல்லாம் ஒரு கிழமையில் முடிகிற படம் ஒரு மாதமாகியும் வரவில்லை. கடைசியில் வந்த படத்திலும் ஒரு விளக்குக் கம்பத்துக்கு இரண்டு நிழல். எனக்கு முன்கோபம் மூக்கில் இருக்கும். "அண்ணை, செய்ய விருப்பமில்லை எண்டா சொல்லுங்கோ, நான் வேற ஆளைப் பாக்கிறன்" என்று எழுதினேன். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது. வாசித்துவிட்டு அழுதேன், மன்னிப்புக் கேட்டேன், ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்தேன். மூன்று மாதத்துக்கு முந்தின கதை அது.

ஒருவருக்கும் என்றால் முக்கியமாக பிலோமினா அக்காவுக்கு. அவருடைய மனைவி. இந்த விளையாட்டு வேலையைப் பைத்தியம் என்று சொல்லி நான்கு வருடமும் திரும்பிப் பார்க்காதவர். அந்தச் சனிக்கிழமைதான் முதன்முதலாகச் சம்மதித்திருந்தார். அன்றைக்கு விடிய சேவியர் அண்ணை எனக்குச் சந்தோசமாக எழுதியிருந்தார்: "பதினொரு மணிக்கு பிலோவை இருத்தி விளையாட வைக்கப் போறன். இடையில உங்கட பின்னறையையும் பிடிச்சுக் காட்டுறன், பாருங்க. ஒருத்தரும் குழப்பக் கூடாது எண்டு போனை ஓஃப் பண்ணுறன்."

இப்போது விளங்குகிறதா, நான் ஏன் விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினேன் என்று?

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

முதலில் வழியை மூடி, வாத்தை அழித்து, புதுக் கோப்பை இணையத்தில் ஏற்றினேன். பின்லாந்துக்காரர் பொதுவில் போட்டிருந்த படத்தை எடுத்துவிடச் சொன்னேன். பாவம், கேள்வி கேட்காமல் எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது, அது பரவாயில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் ஏற்கெனவே இறங்கிய கோப்பை இங்கிருந்து நான் என்ன செய்ய? ஏழு தரம் அழைத்தேன். ஏழு தரமும் ஓஃப்.

புதுக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, வீட்டுச் சட்டையோடேயே ஸ்டேஷனுக்கு ஓடினேன். காலி வீதி பஸ்ஸை நம்பினால் மத்தியானம்தான் போய்ச் சேரலாம். ரயிலில் சன நெருக்கம். கடல் பக்கக் கதவில் தொங்கிக்கொண்டு நின்றேன். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று ஆறுதலாக ஆட்களை ஏற்றியது. மணி பத்தே முக்கால். சாமி கும்பிடுகிற ஆள் இல்லை நான். அன்றைக்கு எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன், கொட்டாஞ்சேனை அந்தோனியாரையும் விடவில்லை.

கோட்டையில் இறங்கி ஆட்டோவில் பாய்ந்தேன். "இக்மனட்ட யன்ன, மல்லி." கெதியாகப் போ தம்பி என்று கெஞ்சினேன். புறக்கோட்டையில் சுமை இழுக்கிற நாட்டாமிகளின் கைவண்டிகள் குறுக்கே நின்றன. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஓம் என்றேன். எனக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை. மனிதர் அதன்பிறகு ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஒடுக்கமான ஒழுங்கை. இரண்டாம் மாடி. கதவைத் தட்டும்போது பதினொன்று பத்து.

உள்ளே

கதவைத் திறந்தவர் பிலோமினா அக்கா. மெலிந்த உருவம், கையில் கறித்தூள் மணம்.

"யாரும்மா?"

"நான் கௌரி, அக்கா. வெள்ளவத்தை. சேவியர் அண்ணையோட கேம் செய்யிற..."

"அட, நீங்களா! வாங்க, வாங்க. உங்கட விளையாட்டுத்தான் என்னைப் போட்டு வதைக்குது. அந்த டிக்கட் கவுண்டர்காரன் வாயே திறக்கிறானில்ல!"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். கதைக்குள்தான் நிற்கிறார். இன்னும் பின்னறைக்குப் போகவில்லை.

கணினி மேசையடியில் இருந்த மனிதர் தலையை முழுவதுமாகத் திருப்பித்தான் என்னைப் பார்த்தார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சேர்ட். "தங்கச்சியா?" என்று எழும்பினார். முகமெல்லாம் சந்தோசம்.

"ஒரு பிழை இருக்கு அண்ணை. புதுசு கொண்டு வந்தனான், மாத்திப்போட்டுத் தாறன்" என்றேன். பிலோ அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனார். பழைய கோப்பைக் குப்பைக்குள் தள்ளி, புதியதை வைத்தேன். அவசரத்தில் இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன். பிறகு குரலைத் தாழ்த்தி நடந்ததெல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஒளிக்க மனம் வரவில்லை.

அவருடைய காதடி சிவந்தது.

"ஒரு வாத்தா?" என்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"அவ பார்க்கல்ல தானே. விடுங்க" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாடா, தப்பினோம் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கடிக்க ரோல்ஸ் இருக்குமோ என்று சமையலறைப் பக்கம் பார்க்கவும் செய்தேன்.

தேத்தண்ணி

பிலோ அக்கா கோப்பைகளைக் கொண்டுவந்தார். எனக்கு ஒன்று. மற்றதைச் சேவியர் அண்ணையின் இடது கைப்பக்கம் வைத்தார். சேவியர் அண்ணை கீபோர்டைக் கிட்ட இழுக்க இடது கையை வீசினார். கோப்பை உருண்டு, சுடுதேத்தண்ணி மேசையெல்லாம் பரவி அவருடைய மடியில் ஊற்றியது.

பிலோ அக்கா வெடித்தார்.

"காலையிலேயே தொடங்கியாச்சா? வந்த பிள்ளைக்கு முன்னுக்கும் மானத்தை வாங்கோணுமா?"

"பிலோ, தெரியாம..."

"என்ன தெரியாம? போன கிழமை படியில விழுந்ததும் தெரியாம. மாதா சுருவத்தைத் தட்டி உடைச்சதும் தெரியாம. கோயில்ல பாதர் கை நீட்டுறார், இந்த மனுசன் காணாத மாதிரிப் போறார்." என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. "குடிக்கிறார், தங்கச்சி. களவாக் குடிக்கிறார். இருபத்தாறு வருசம் ஒரு துளி தொடாத மனுசன். எங்க ஒளிச்சு வச்சிருக்கார் எண்டு வீடு முழுக்கத் தேடிட்டன்."

நான் அவரைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் மடியைத் துடைத்துக்கொண்டு குனிந்திருந்தார். குடிகாரன் என்ற பேரை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்தார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். சத்தியம் செய்திருக்கிறேன் அல்லவா, பெரிய அரிச்சந்திரி.

"ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!" என்று பிலோ அக்கா அழுதார். "ஓம் குடிக்கிறன் எண்டாவது சொல்லுங்க. நான் நிம்மதியாப் போய்ச் சேர்ந்திடுவன்."

சேவியர் அண்ணை துணியை மடித்து வைத்தார்.

"தங்கச்சி, அந்தப் பழசு போயிட்டுதா?"

"குப்பைக்குள்ள கிடக்கு அண்ணை."

"எடுங்க."

"அண்ணை..."

"என்ர வாயால சொல்ல ஏலாது. நாலு மாசமா வாயைத் திறந்து திறந்து பார்த்திட்டன், வருதில்ல. எடுங்க."

எடுத்தேன். ஓட வைத்தேன். இரண்டு பொத்தான்களையும் அழுத்தினேன். பின்னறை திறந்தது. சுவரில்லாத மஞ்சள் அறை, நடுவில் மொட்டைத்தலை வாத்து.

"இது என்ன கோதாரி?" என்றார் பிலோ அக்கா, மூக்கைத் துடைத்தபடி.

"வாசி" என்றார் அவர்.

எங்கள் விளையாட்டில் ஒவ்வொரு வரியும் கிளிக் செய்யும்வரை நிற்கும். பிலோ அக்கா மவுஸைப் பிடித்தார்.

"தங்கச்சி, இடது கண் போச்சு எண்டு டொக்டர் சொல்லிட்டார்."

கிளிக்.

"இனித் திரும்பாதாம். வலது கண்ணும் ஓரத்தில இருந்து மெல்ல மெல்ல மூடுதாம். மருந்து ஒரு நாளும் விடாமப் போட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாமாம்."

கிளிக்.

"பிலோவுக்குச் சொல்லல்ல. சொன்னா அவ எல்லாத்தையும் விட்டிட்டு என்னையே பார்த்துக்கொண்டு இருப்பா. அந்தப் பார்வையை என்னால தாங்க ஏலாது."

கிளிக்.

"இன்னும் மூணு படம் இருக்கு. அதைக் கீறி முடிச்சிட்டுச் சொல்றன்."

அதற்குப் பிறகு வாத்திடம் சொல்ல ஒன்றும் இல்லை. பிலோ அக்கா இன்னும் இரண்டு தரம் கிளிக் செய்து பார்த்தார்.

பிறகு

பிலோ அக்கா அழவில்லை. அவர் இருந்த கதிரையைத் திருப்பி, மனிதரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இதுக்கா நான் ஒவ்வொரு நாளும் நீங்க படுத்த பிறகு உங்கட வாயை மோந்து பார்த்தனான்?"

சேவியர் அண்ணை சிரிக்கப் பார்த்தார். அது அழுகையாக வந்தது.

"மருந்து எங்க?" என்று கேட்டார் பிலோ அக்கா. "வீட்டில ஒரு மூலை விடாமத் தேடினன். எங்க வச்சிருக்கீங்க?"

"ஒபிஸ்ல. மேசை லாச்சிக்குள்ள."

"அப்ப சனி ஞாயிறு?"

அவர் மடித்து வைத்த துணியை எடுத்து இன்னொரு தரம் மடித்தார்.

"சேவியர். சனி ஞாயிறு என்ன செய்றீங்க?"

"ரெண்டு நாள்தானே எண்டு..."

பிலோ அக்கா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் வாட்டுகிறது.

"உனக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"மூண்டு மாசம், அக்கா."

"மூணு மாசம்" என்றார். அவ்வளவுதான். எழும்பி உள்ளே போய் ஒரு காய்ந்த காற்சட்டையைக் கொண்டுவந்து அவருடைய கையில் கொடுத்தார். "வெளிக்கிடுங்க. ஒபிஸ் காவலாளியைக் கூப்பிட்டுத் திறப்பிப்பம். இண்டைக்கும் சனிக்கிழமைதான்."

படியில் இறங்கும்போது பிலோ அக்கா அவருடைய இடது பக்கமாகப் போய்க் கையைக் கோத்துக்கொண்டார். ஒழுங்கையில் ஆட்டோ கிடைத்தது. என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நான் பஸ்ஸில் திரும்பினேன். வழியில் எங்கள் பழைய மெசேஜ்களை மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். நான் வேலைக்குப் போகிறவள், அவருக்கு எழுதுவதெல்லாம் சனி ஞாயிறில்தான். அந்த மூன்று மாதத்தில் ஒரு சனி ஞாயிறு தவறவில்லை, எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் இருந்தது.

படம் முடிஞ்சுதா அண்ணை?